வலை கட்ட வந்தவரிடம் சொன்னது

அந்தத் தொட்டியை இப்போது நகர்த்த வேண்டாம் தம்பி. மற்ற பக்கமெல்லாம் கொக்கி அடித்து முடியுங்கள், இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே புறா உட்கார்ந்திருக்கிறது. செம்பருத்தி வைத்த தொட்டி அது. செம்பருத்தி பட்டுப்போய் வெகு நாளாகிறது. இப்போது இது குடியிருக்கிறது.

என்ன சொன்னீர்கள்? வாடகை கொடுக்காத குடித்தனக்காரங்களா? நன்றாயிருக்கிறதே. யாசின் என்றுதானே பேர் சொன்னீர்கள்? யாசின் தம்பி, இந்தப் புறாக்களால் உங்களுக்கு எவ்வளவு தொல்லை, அவற்றோடு எவ்வளவு பழக்கம், எல்லாம் அந்த ஒரு வாடகையில் வந்துவிட்டது. தொல்லை என்ற சொல்லை நீங்கள் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? அதைத்தான் நான் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள். நான் இப்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். காலையில் மகனும் மருமகளும் கிளம்பிப் போய்விட்டால் பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது குளிர்பெட்டி ஒன்றுதான். கதவைச் சரியாக மூடாவிட்டால் கத்தும். சில நாள் நானே அதைக் கொஞ்சம் திறந்து வைப்பேன்.

இந்தப் பால்கனிக்கு வலை ஏன் வருகிறது தெரியுமா? என் கவிதையால் வருகிறது. சிரிக்காதீர்கள், உண்மை. நான் கவிதை எழுதுகிறவள். மரகதம் என்று பேர். கும்பகோணத்தில் கல்லூரியில் தமிழ் படித்தேன். பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. பகலெல்லாம் உரமூட்டைக்கு ரசீது, மிச்ச நேரத்துக்குக் கவிதை. இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. நூலகங்களில் இருக்கும், யாரும் எடுத்திருக்கமாட்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு விதிதான். கண்ணால் பார்க்க முடியாத சொல்லைக் கவிதையில் வைக்கக்கூடாது. சோகம், தனிமை, ஏக்கம், சுதந்திரம் இதெல்லாம் சொல்லே இல்லை, சொல்லின் உறை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சோகம் என்று எழுதினால் படிக்கிறவன் கண்ணுக்கு ஏதாவது தெரியுமா? தெரியாது. பொருளைக் காட்ட வேண்டும். வெறுப்பு என்று சொல்லாதே. ஒரே சோப்பை இரண்டாக வெட்டி ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டியைக் காட்டு. பயம் என்று சொல்லாதே. விருந்தாளி போன பிறகும் வாசல் விளக்கை அணைக்காத வீட்டைக் காட்டு. முதுமைக்கா? வியாழக்கிழமை மாத்திரை டப்பியிலேயே இருக்கிறது, இன்று சனிக்கிழமை. அவ்வளவுதான். முடிந்தது.

எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு பொருள் அகப்பட்டிருக்கிறது தம்பி. அன்புக்கு மட்டும்தான் அகப்படவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். பால், தாய்ப்பசு, நிழல், விளக்கு எல்லாம் பிறர் எழுதி எழுதித் தேய்ந்துபோனவை. புதிதாக ஒன்று வேண்டும். கண்ணில் படவே இல்லை.

அந்த மிஷின் சத்தம் போடும்போது நான் நிறுத்திக்கொள்கிறேன். ம், முடிந்ததா?

என் மகன் பேர் இளம்பரிதி. நான் வைத்த பேர். பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பாலம் கட்டுகிற இன்ஜினியர். அவனுக்கும் ஒரு காலத்தில் கொஞ்சம் கவிதை வந்தது. அவன் அப்பா போனபோது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அப்பா இல்லாத வீட்டில் வெறுமை, துக்கம் நெஞ்சை அடைக்கிறது, இப்படி. சின்னப் பையன்தானே. நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். வெறுமையை அடித்தேன், துக்கத்தை அடித்தேன், நெஞ்சையும் அடித்தேன். இந்தச் சொற்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம் பரிதி, வீட்டில் என்ன மாறியிருக்கிறது, அதை எழுது என்றேன். தாளை எடுத்துக்கொண்டு போனான். மறுபடி கொண்டுவந்தான்.

அப்பா செருப்பை
யாரும் நகர்த்தவில்லை.
தண்ணீர் மோட்டாரை
நான் போடுகிறேன்.

எப்படி இருக்கிறது? சொல்லுங்கள். அந்த வயசில் அந்த வரி எனக்கு வரவில்லை தம்பி. நான் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வந்து, இப்போது சரி என்று மட்டும் சொன்னேன். அதிகம் புகழ்ந்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும். அதற்குப் பிறகு அவன் எழுதவே இல்லை. திறமை இருந்தது, பிடிப்பு இல்லை. என்ன செய்வது?

பிறகு பேச்சும் குறைந்துபோய்விட்டது. இங்கே பாருங்கள், நான் எழுவதற்கு முன்பே கீசரைப் போட்டு அணைத்துவிட்டுப் போயிருப்பான். வாளியில் வெந்நீர் இருக்கும். மாத்திரையைக் கிழமைவாரியாகப் பிரித்து வைத்திருப்பான். கண்ணாடியைத் துடைத்து மேஜை மேல் வைத்திருப்பான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை? கிடையாது. எப்படி இருக்கே அம்மா, மனசுக்கு எப்படி இருக்கு என்று ஒரு நாள் கேட்டதில்லை. கல்லைப் பெற்றுவிட்டேனோ என்று தோன்றும்.

இந்த வீட்டுக்கு நானாக வரவில்லை. கும்பகோணத்தில் குளியலறையில் விழுந்தேன். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு மட்டும். பரிதி வந்தான். கட்டுப் போட்டதும் காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டான். கட்டைப் பிரித்தாயிற்று. நான் மட்டும் பிரியவில்லை. பதினோராவது மாடி. கீழே பார்த்தால் ஆட்கள் தலையும் செருப்புமாகத் தெரிகிறார்கள், நடுவில் உடம்பே இல்லை.

போவதற்கு எனக்கு இடம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன். திருச்சியில் என் தோழி இருக்கிறாள், அங்கயற்கண்ணி. கல்லூரியில் என்னோடு படித்தவள், பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தரைவீடு, கதவைத் திறந்தால் தெரு, பக்கத்தில் வெற்றிலைபாக்குக் கடை. ஓர் அறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு, வந்துடுடி மரகதம், ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம், சண்டை போடலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். என் வரிகளை அவள் ஒருத்திதான் குறை சொல்லுவாள். இது பழசு, இதில் நீ நடிக்கிறே என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். வயசான பிறகு நம்மைக் குறை சொல்ல ஆள் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? இங்கே எல்லோரும் நான் எழுதினால் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் செத்துப்போகலாம்.

பின்னே போக வேண்டியதுதானே என்கிறீர்கள். மகனிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? நான் போகிறேன் என்று வாயால் சொன்னால் அது கோபித்துக்கொண்டு போனதாகிவிடும். மருமகள் சரியில்லை என்று ஊர் பேசும். அவனே புரிந்துகொண்டு, போய்ட்டு வாம்மா என்று சொன்னால்தான் அது போவது. அதனால் எழுதிக் காட்டினேன். நான் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

முதலில் கதவு. இந்த வீட்டு வாசலில் விரல் வைத்தால் திறக்கிற பூட்டு இருந்தது. என் விரலுக்குத் திறக்கவில்லை. கைரேகை தேய்ந்துபோயிருக்கிறதாம். எழுதினேன்.

கதவு விரலைக் கேட்கிறது.
நீட்டினேன்.
யாரென்று
அதற்குத் தெரியவில்லை.

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? இந்த வீட்டில் நான் யாரும் இல்லை என்று அர்த்தம். ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. பக்கத்தைத் திறந்து அவன் கணினி மேல் வைத்தேன். படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு சாதாரணப் பூட்டு ஒன்று போட்டுவிட்டுப் போனான். என் கையில் ஒரு சாவி. அதோ, நாள்காட்டி பக்கத்தில் ஆணியில் தொங்குகிறதே, அதுதான். அன்றைக்கு மாட்டியது, எடுத்ததே இல்லை. நான் கதவைப் பற்றி எழுதுகிறேன், அவன் சாவி கொடுக்கிறான். இதற்குப் பேர் கவிதை படிப்பதா தம்பி?

அடுத்தது சன்னல். அப்போது எனக்குக் கொடுத்த அறையில் சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடம்.

என் சன்னலில்
இன்னொரு சன்னல்.
அதில் ஒருத்தி
என் சேலை போலவே
ஒன்றை மடிக்கிறாள்.

நான் என்னையே பார்த்துக்கொண்டு அடைந்து கிடக்கிறேன் என்று சொல்கிறேன். மறுநாளே அறையை மாற்றிவிட்டான். அவர்கள் அறையை எனக்குக் கொடுத்துவிட்டு என் அறைக்கு அவர்கள் போய்விட்டார்கள். இந்த அறையிலிருந்து பார்த்தால் ஏரி தெரிகிறது, மாலையில் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஏரிக்காகத்தான் இந்த வீட்டையே மருமகள் பிடித்தாளாம், பரிதி ஒரு தடவை சொன்னான். வினோதினி என்று பேர். அவளுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். காதில் மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரனோடு பேசுகிறவளுக்கு ஏரி எதற்கு?

அவளைக் குறை சொல்லவில்லை. நல்ல பெண். ஆனால் மொழி இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து என் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அப்படி வந்து உட்காருகிறவள் இல்லை. கொஞ்ச நேரம் சேலை ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு இந்த வீட்ல மூச்சு முட்டுது அத்தை" என்றாள்.

எனக்கு ஆர்வமாகிவிட்டது. சொன்னேன், மூச்சு முட்டுகிறது என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனது வினோ, எது முட்டுகிறது, எங்கே முட்டுகிறது, அதைச் சொல், சின்னதாக ஒரு பொருளைப் பிடி என்றேன். என்னையே பார்த்தாள். குக்கர் சத்தம் கேட்டது. எழுந்து போனாள். அதற்குப் பிறகு கவிதைப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

கை கழுவிக்கொள்கிறீர்களா? உள்ளே போனால் இடது பக்கம் குழாய். டீ போட்டுத் தரட்டுமா? வேண்டாமா, சரி.

மூன்றாவதாக எழுதினதுதான் இந்தப் புறா.

செம்பருத்தித் தொட்டியில்
புறா முட்டையை விட்டுவிட்டுப்
போய்விட்டது.
தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் சூடு.
பதினோராவது மாடியிலிருந்து
கீழே போக
அதற்குச் சிறகு போதும்.

நிஜத்தில் அது போகவில்லை, நீங்களே பார்க்கிறீர்கள், இரவும் பகலும் அங்கேயேதான் இருக்கிறது. கவிதைக்காக நான் அதைப் போகவிட்டேன். எனக்கு அந்த உரிமை உண்டு. இதைப் பத்திரிகைக்குக் காத்திருக்காமல் எழுதினதுமே கணினி மேல் வைத்தேன். இதிலாவது புரியும் என்று நினைத்தேன். போகிறேன் என்று இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் புறா எங்கயும் போகலியேம்மா, அங்கயேதான் இருக்கு. நீ அதைத் தொட்டியா?"

தொட்டேன் என்றேன். கையக் கழுவினியா என்றான். புறா எச்சம் நுரையீரலுக்கு ஆகாதாம். எங்கேயோ படித்திருக்கிறான். வினோதினியும் தலையை ஆட்டினாள். மறுநாள் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டான். ஆக, போகிறேன் என்று எழுதினவளுக்கு வலை.

அதையாவது விடுங்கள், அவன் இன்ஜினியர். அங்கயற்கண்ணிக்கு என்ன வந்தது? தமிழ்ப் பேராசிரியர். அறைக்கு என்ன பதில்டி, வருவியா மாட்டியா என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். பதிலாக இந்தக் கவிதையைப் படம் எடுத்து அனுப்பினேன். அவளுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கைதான். போன் செய்தாள்.

"படிச்சேன் மரகதம். புரிஞ்சுது. முட்டை இன்னும் சூடா இருக்குன்னு எழுதியிருக்கே. பிள்ளைய விட்டுட்டு வர உனக்கு மனசு வரல. அந்தப் புறாவப் பாத்துப் பொறாமைப்படறே, ஆனா நீ போகமாட்டே. நல்ல கவிதைடி."

நான் என்ன சொல்வேன்? இல்லை, தப்பாகப் படித்துவிட்டாய் என்று சொல்லலாம். ஆனால் எழுதினவளே தன் கவிதைக்கு உரை சொல்லக்கூடாது. அது அசிங்கம். அறையை ஓய்வு பெற்ற இன்னொரு டீச்சருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அப்படியா என்றேன்.

இன்று காலையில் மறுபடி கூப்பிட்டாள். கடைசியாகக் கேட்கிறாளாம். அந்த டீச்சர் இன்று சாயங்காலம் சாமான்களோடு வருகிறாள். அதற்குள் நான் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வேண்டாமென்று நிறுத்திவிடுவாள். கவிதை கிவிதை எல்லாம் வேணாம், ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லு என்றாள். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? உங்க வாசல் முருங்கை பூத்திருக்கா என்று கேட்டேன்.

"இது பதிலாடி?" என்றாள். பதில்தான். அவளுக்குத் தெரியவில்லை. சரி, சாயங்காலம் நானே கூப்பிடறேன், அதுக்குள்ள உம் பிள்ளைகிட்ட பேசிடு என்று வைத்துவிட்டாள்.

ஆக, இன்று சாயங்காலத்துக்குள் பரிதியிடம் சொல்லியாக வேண்டும். அதுதான் என் நிலைமை. இன்று விட்டால் பிறகு எனக்கு இந்தப் பதினோராவது மாடிதான், எடுத்துப் போகிறவரைக்கும்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவன்தான்.

... ஆமாம் பரிதி, வந்திருக்கிறார். வேலை நடக்கிறது. என்ன நிறமா? நிறமே தெரியவில்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது. போட்டுவிட்டேன், மத்தியான மாத்திரை போட்டுவிட்டேன். ... என்ன? வேறேயா? ... புறாவுக்கு இனிமேல் இடம் எங்கே பரிதி? ... ம். ... ம். சரி, வை.

கேட்டீர்களா? வேற எதாவது வேணுமாம்மா என்று கேட்டான். கேட்டான் தம்பி, காதில் விழுந்ததல்லவா? அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நான் புறாவுக்கு இடம் எங்கே என்று கேட்கிறேன், அது வேற இடம் பாத்துக்கும்மா என்கிறான். என் பிள்ளை வாயிலிருந்து வந்த பதிலைப் பாருங்கள். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? தெரியாமல்தான் சொல்லியிருப்பான். அடுத்த வாக்கியம் மோட்டார் பற்றி. கீழே காவலாளியிடம் சொல்லி மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றவைத்துவிட்டானாம்.

ஆச்சா? இப்போது தொட்டியா? சரி, எடுங்கள். மெதுவாக. ஐயோ, பறந்துவிட்டது. அது இருக்கட்டும், முட்டையைப் பாருங்கள். அந்த ஏசி பெட்டிக்கு மேல் வைக்கிறீர்களா, வலைக்கு வெளியே? குச்சியெல்லாம் சேர்த்து வையுங்கள், உருண்டுவிடாமல். திரும்ப வந்து உட்காருமா? தெரியாதா. சில புறா வரும், சில புறா வராதா. சரி. இதற்கெல்லாம் நாம் என்ன சொல்ல முடியும்?

முடிந்துவிட்டதே. சுத்தமாக வேலை செய்திருக்கிறீர்கள். தொட்டுப் பார்த்தால்தான் வலை இருப்பதே தெரிகிறது.

என்ன, வீடியோவா? என்னையா? எதற்கு? ஓ, வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் வாயால் திருப்தி என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டுமா? கம்பெனி விதியா? சொல்லாவிட்டால் உங்கள் கணக்கில் வேலை முடிந்ததாக ஏறாதா? என்ன விதி இது. யாருக்கு அனுப்புவீர்கள் அதை? கம்பெனிக்கும், போன் செய்து வரச்சொன்னவருக்கும்? அப்படியென்றால் பரிதிக்குப் போகுமா? இப்போதேவா? அவன் பார்ப்பானா?

ஒரு நிமிஷம் இருங்கள். தலையைச் சரிசெய்துகொள்கிறேன்.

யாசின் தம்பி, நான் ஒன்று சொல்லட்டுமா? அவன் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கு வாய் வருவதில்லை. இதில் முகம் இல்லை, இந்தச் சின்னக் கண்ணாடிதான் இருக்கிறது. இதில் சொல்லிவிடப் போகிறேன். நேராக. கவிதை இல்லை. எனக்குத் திருச்சிக்குப் போக ஆசை, நான் அங்கயற்கண்ணியோடு இருந்துகொள்கிறேன், என்னை அனுப்பு. அவ்வளவுதான், எத்தனை வார்த்தை? எல்லாம் சின்ன வார்த்தை. நீங்கள் பாட்டுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். கை காட்டுங்கள், ஆரம்பிக்கிறேன்.

பரிதி, அம்மா பேசுகிறேன். வலை கட்டியாகிவிட்டது. பரிதி, நான் ... இந்தச் சாயங்கால வெயில் இருக்கிறதே, வலை வழியாக வந்து என் சேலையில் கட்டம் கட்டமாக விழுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் தூசி. ஏசி பெட்டி மேல் ...

நிறுத்திவிட்டீர்களா? சரியாக வரவில்லையா? ம். கம்பெனி இதை எடுத்துக்கொள்ளாது என்கிறீர்கள். திருப்தி என்ற வார்த்தை வர வேண்டும். எனக்கே தெரிகிறது. நான் சொல்ல வந்தது வேறு. வாய் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. அழித்துவிடுங்கள். முதல் வரைவு எப்போதுமே அழிக்க வேண்டியதுதான்.

இன்னொரு தடவையா? உங்களுக்கு நேரமாகிறதே. அடுத்த வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்களா? அவர்களுக்கும் புறாவா? பாவம், நான் உங்களை நிறுத்தி வைத்துக் கதை பேசிக்கொண்டிருக்கிறேன். சரி, சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் விஷயத்தை அவன் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம், அங்கயற்கண்ணி கொஞ்சம் காத்திருப்பாள். பிடியுங்கள்.

நான் மரகதம். வலை நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். எனக்குத் திருப்தி.

கேட்கவில்லையா? சத்தமாகவா? கொஞ்சம் சிரித்த மாதிரியா? சரி.

எனக்கு இங்கே எல்லாம் திருப்தி.

போதுமா? போயிற்றா? வாழ்நாளில் அந்தச் சொல்லை நான் வாயில் போட்டதில்லை. பாக்குச் சக்கை மாதிரி இருக்கிறது, ருசியே இல்லை. நீங்கள் ஏணியை மடியுங்கள்.

என்ன, பதிலா? அதற்குள்ளாகவா? வேலை நேரத்தில் அவன் எதையும் பார்க்கமாட்டானே. என்ன கேட்டிருக்கிறான், பில்லா? படியுங்கள், கண்ணாடி உள்ளே இருக்கிறது.

... என்ன எழுதியிருக்கிறான்? என்னிடம் காட்டச் சொல்லியா? திரும்பப் படியுங்கள்.

சந்தோஷமா? அந்த வார்த்தையா எழுதியிருக்கிறான்? நீங்கள் சேர்த்துச் சொல்லவில்லையே தம்பி? இங்கே காட்டுங்கள், கிட்டக் கொண்டுவாருங்கள். எங்கே ... ரொம்ப சந்தோஷம்மா, நீ இப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை. அப்படித்தான் இருக்கிறதா? பரிதியா? அவன் நம்பர்தானா இது?

இல்லை, ஒன்றுமில்லை. கண்ணில் தூசி. சுவரில் துளை போட்டீர்களே, அந்தத் தூசி.

என் போன்தான் அடிக்கிறது. தெரியும். அங்கயற்கண்ணிதான், சொன்னபடி கூப்பிடுகிறாள். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அது அடிக்கட்டும் தம்பி. அடித்து ஓய்ந்துவிடும். நீங்கள் அதை இன்னொரு தடவை படியுங்கள்.